கை மாறி வரும் விடுமுறைப் பங்கு

(பொங்கலூரில் கூடிய நமது சங்கத்தின் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இவ்வவையில் வழக்கமாகப் பிள்ளைகளின் கல்வியைப் பற்றியும், கலியாணச் செலவைக் குறைத்தல் பற்றியும் பேசுவதுண்டு. இன்று யாம் எடுத்துக்கொண்ட விஷயம் அவற்றினும் சிறியதாகத் தோன்றக்கூடும். மலைநாட்டு விடுதிகளில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமையை, முன்னமே அதனை வாங்கியுள்ள ஒருவரிடமிருந்து மலிவு விலைக்கு நாம் வாங்கிக்கொள்ளலாமா என்பதே அவ்விஷயம். சிறியதாயினும், நம்மவர் வீடுகளில் இது பணத்தையும் உறவையும் ஒருங்கே சோதிப்பதாக வளர்ந்துவிட்டது. விற்பவரும் நம்மவர், வாங்குபவரும் நம்மவர் என்னுமிடத்தில் கேள்வி கேட்பதே மரியாதைக் குறைவு என்று பலர் எண்ணுகின்றனர். அவ்வெண்ணம் சரிதானா என்று ஆராயவே யாம் முன்வந்தோம்.

டைம்ஷேர் என்று வழங்கும் இக்காலப் பங்கு இன்னதென்று நம்மவர்க்கு விளக்குவது எளிது. முறை வைத்து அனுபவிப்பது நமக்குப் புதிதன்று. பாகம் பிரிந்த பங்காளிகள் ஒரே கிணற்றில் நாள் முறை வைத்து நீர் இறைத்துக்கொள்கின்றனர். பரம்பிக்குளம்–ஆழியாறு வாய்க்காலிலும் பாசன நிலங்களை நான்கு மண்டலங்களாகப் பிரித்து, முறைப்படியே நீர் விடுகின்றனர். அவ்வாறே ஒரு விடுதியின் அறைகளைப் பலர் பகிர்ந்துகொண்டு, ஆளுக்கு ஆண்டில் இத்தனை நாள் என்று தங்குவதே காலப் பங்கின் தத்துவம். ஐரோப்பாவில் சுவிட்சர்லாந்து நாட்டில் 1963-இல் தோன்றிய ஹாபிமாக் என்னும் நிறுவனம் இம்முறைக்கு வழிகாட்டியவற்றுள் ஒன்று. ஓர் ஊரில் பங்குள்ளவர் மற்றோர் ஊரில் தங்குவதற்கு மாற்று வசதி செய்து தரும் ஆர்.சி.ஐ. என்னும் நிறுவனம் 1974-இல் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. நம் தமிழ்நாட்டில் சென்னையிலிருந்து 1986-இல் ஸ்டெர்லிங் நிறுவனம் இத்தொழிலைத் தொடங்கிற்று. 1996-இல் மகிந்திரா ஹாலிடேஸ் வந்தது. அதன் 25 ஆண்டு உறுப்பினர் திட்டத்தை நம்மவருட் பலர் அறிவர். ஆகவே இத்தொழில் மூலத்தில் மோசடியன்று. பெயர் பெற்ற நிறுவனங்கள் பல ஆண்டுகளாக வெளிப்படையாக நடத்திவருவது.

எனினும் கிணற்றுப் பங்குக்கும் இதற்கும் ஒரு பெரிய வேற்றுமை உண்டு. கிணற்றுப் பங்கு கிரயப் பத்திரத்தில் ஏறும். சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கம் பார்க்கலாம். நிலத்தோடு அது மக்களுக்கும் பேரர்களுக்கும் போய்ச் சேரும். நம் நாட்டில் விற்கப்படும் விடுமுறைப் பங்கோ பெரும்பாலும் ஓர் உறுப்பினர் ஒப்பந்தமே. அதனால் ஒரு சாண் நிலமும் நம்முடையதாவதில்லை. ஒப்பந்த ஆண்டுகள் கழிந்தவுடன் உரிமையும் தீர்ந்துபோகும். ஆண்டுதோறும் தேய்ந்து வரும் ஒரு பொருளை வாங்குகின்றோம் என்பதை முதலில் மனத்திற் கொள்ளுதல் வேண்டும்.

நிற்க. எம் குடும்பத்தில் நடந்ததையே இங்குச் சொல்லுகின்றோம். எமக்கு அண்ணன் முறையாகும் உறவினர் ஒருவர் திருப்பூரில் பவர் டேபிள் யூனிட் நடத்துபவர். பத்து ஆண்டுகளுக்கு முன் ஒரு பொருட்காட்சியில் அவர் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதிப் பெட்டியில் போட்ட ஒரு சீட்டின் பயனாக, பரிசு விழுந்திருப்பதாகவும் மனைவியுடன் வந்து பெற்றுக்கொள்ளுமாறும் அழைப்பு வந்தது. சென்றார். காப்பி கொடுத்தனர், மலைகளின் படங்களைக் காட்டினர், மூன்று மணி நேரம் பேசினர். இன்று ஒரு நாள் மட்டுமே இவ்விலை என்றனர். நான்கு லட்ச ரூபாய்க்கு 25 ஆண்டுப் பங்கு ஒன்றைத் தவணையில் எடுத்துக்கொண்டு அவர் வீடு திரும்பினார். பத்து ஆண்டுகளில் அவர் தங்கச் சென்றது மூன்றே முறை. பிறகு மகனுடைய கல்லூரிக் கட்டணம் நெருக்கவே, எம்மிடம் வந்தார். "தம்பி, நாலு லட்சத்துச் சாமான். உனக்கென்றால் ஒரு லட்சம். வெளியாளுக்குக் கொடுக்க மனம் வரவில்லை" என்றார்.

நாலில் ஒரு பங்கு விலை! அண்ணாருக்கும் உதவியாயிற்று, நம் பிள்ளைகளும் மலையைப் பார்த்ததாயிற்று என்று எம் மனம் இசைந்துவிட்டது. பணம் எடுக்க வங்கிக்குப் புறப்படும்போது எம் இல்லத்தார் ஒன்றே கேட்டார்: "பத்திரம் பார்க்காமல் காடு வாங்குவீர்களா?" இவ்வொரு வினாவே எம்மை நிறுத்திற்று. அண்ணாரிடம் காகிதங்களைக் கேட்டு வாங்கி, இருவருமாகத் திண்ணையில் உட்கார்ந்து படித்தோம். படித்ததில் விளங்கியவை வருமாறு.

முதலாவது, ஆண்டுக் கட்டணம். பங்கின் விலை ஒரு முறை கொடுப்பது. விடுதியின் பராமரிப்புக்கென்று ஆண்டுதோறும் கொடுப்பது வேறு. சென்றாலும் கொடுக்க வேண்டும், செல்லாவிடினும் கொடுக்க வேண்டும். அண்ணாரின் பங்குக்கு அது வரி உட்பட 24,000 ரூபாய். பெயர் மாற்றக் கட்டணம் 20,000 ரூபாய். மீதமுள்ள ஆண்டுகள் 15. ஆண்டுக்கு ஏழு இரவு வீதம் 105 இரவுகள். ஆண்டுக் கட்டணம் விலைவாசியை ஒட்டி உயர்வது என்று ஒப்பந்தமே கூறுகின்றது. ஆண்டுக்கு 5 விழுக்காடு உயரும் என்று வைத்துக் கணக்கிட்டோம். பதினைந்தாம் ஆண்டில் அது 47,500 ரூபாயைத் தொடும். பதினைந்து ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறக்குறைய 5,18,000 ரூபாய். அதனுடன் விலையும் மாற்றக் கட்டணமுமாக 1,20,000 ரூபாய் சேர, மொத்தம் 6,38,000. ஓர் இரவுக்கு 6,000 ரூபாய்க்குச் சற்று மேல். உணவும் பிரயாணமும் இதில் அடங்கா. போட்ட பணத்திற்கு வட்டியும் சேர்க்கவில்லை.

சகோதரர்களே! இக்கணக்கில் ஒன்றை உற்று நோக்குங்கள். மலிவென்று எம்மை மயக்கிய அவ்வொரு லட்சம், மொத்தச் செலவில் ஆறில் ஒரு பங்குகூட இல்லை. அண்ணார் அதனை இலவசமாகவே எம் கையில் வைத்திருந்தாலும் இரவுக்கு 4,900 ரூபாய் வீதம் நாம் கட்டிக்கொண்டிருப்போம். மூன்று ஆண்டில் ஓர் ஆண்டு செல்ல இயலாமற் போய், அந்த நாட்களும் வீணாயினவென்றால் இரவு ஒன்றுக்கு 9,100 ரூபாய் ஆகிவிடும். அமெரிக்காவில் பழைய காலப் பங்குகளை ஒரு டாலருக்குக் கொடுக்கவும் ஆள் உண்டு, வாங்கத்தான் ஆளில்லை என்னும் நிலை பல இடங்களில் ஏற்பட்டதன் காரணம் இதுவே. விற்பவர் விற்பது உரிமையை மட்டுமன்று. ஆண்டுக் கட்டணம் என்னும் கடமையையும் சேர்த்தே கை மாற்றுகின்றார். ஆகையால் கேட்கும் விலையைக் கொண்டு மலிவென்றும் அதிகமென்றும் முடிவு செய்தல் தகாது. அதே ஊரில், அதே தரமுள்ள அறைக்கு, நாம் செல்லும் அதே மாதத்தில், பங்கில்லாதவர் என்ன வாடகை கொடுக்கின்றனர் என்று விசாரித்து, இரவுக்கு இரவு ஒப்பிட்டுப் பார்ப்பதே முறை.

இரண்டாவது, நிலுவை. அண்ணார் இரண்டு ஆண்டுகளாக ஆண்டுக் கட்டணம் செலுத்தவில்லை. அது வட்டியோடு ஐம்பதாயிரத்தைத் தாண்டியிருந்தது. நிலுவை தீர்ந்தாலொழியப் பெயர் மாற்றமில்லை என்று நிறுவனத்தார் கூறினர். காகிதத்தைப் பாராமல் ஒரு லட்சத்தைக் கொடுத்திருந்தால் நிலுவையும் எம் தலையில் விழுந்திருக்கும். அண்ணார் எம்மை ஏமாற்ற நினைத்தவரல்லர். வந்த கடிதங்களை அவர் பிரித்துப் பார்க்கவேயில்லை.

மூன்றாவது, பருவம். நிறுவனங்கள் ஆண்டின் வாரங்களைக் கூட்டம் மிகுந்தவை, நடுத்தரமானவை, குறைந்தவை என்று பிரித்து, நிறங்களால் பெயரிட்டு விற்கின்றன. கூட்டம் குறைந்த பருவத்துப் பங்கு மலிவு. அப்பங்குடையார் மே மாதத்தில் இடம் கேட்க முடியாது. நம் பகுதியாருக்கு ஓய்வு எப்போது வருகின்றது? தீபாவளிக்குப் பனியன் கம்பெனிகள் மூடித் தொழிலாளர் ஊருக்குச் சென்ற பின்னரும், பொங்கலிலும், பிள்ளைகளின் கோடை விடுமுறையிலுமே வருகின்றது. நாடு முழுவதும் விடுதிகள் நிரம்பும் நாட்களும் அவையே. அண்ணாரின் பங்கோ கூட்டம் குறைந்த பருவத்தது. அவர் பத்து ஆண்டில் மூன்று முறையே சென்றதன் இரகசியம் அப்போதுதான் எமக்கு விளங்கிற்று.

உயர்ந்த பருவத்துப் பங்கு வைத்திருப்பவர்க்கும் இடம் நிச்சயமன்று; முன்கூட்டிப் பதிவு செய்தவர்க்கே கிடைக்கும். ஆர்டர் முடியும் தேதியும் கப்பலுக்குச் சரக்கு அனுப்பும் தேதியும் நம் கையில் இல்லாத தொழில் நம்முடையது. கோழிப்பண்ணை வைத்திருப்போர் ஒரு தொகுதிக் கோழி பிடித்து முடியும் வரையில் வீட்டை விட்டு நகர முடியாது. பல மாதங்களுக்கு முன்னமே நாள் குறிப்பவர் தலைமடைக்காரர்; பத்து நாளைக்கு முன் கேட்பவர் கடைமடைக்காரர். முறை இருந்தும் கடைமடைக்குத் தண்ணீர் வந்து சேராத வருத்தத்தை இவ்வட்டாரத்தார்க்கு யாம் எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. மேலும், ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் செல்லும் வண்டிகளுக்குச் சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி 2024 மே 7 முதல் இ-பாஸ் முறை வந்தது. அறை கிடைத்துவிட்டால் பிரயாணம் முடிவாயிற்று என்று எண்ணிய காலம் அதனோடு போயிற்று.

இனி, வேறு சில அபாயங்களையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். தங்கும் இரவுகளை வாங்குங்கள், தங்காவிட்டால் வட்டியோடு பணம் திரும்ப வரும் என்று கூறுவோர் உண்டு. அது விடுமுறைப் பங்கன்று. வைப்புத் தொகை திரட்டும் தந்திரம். பான்கார்டு கிளப்ஸ் என்னும் நிறுவனம் அறை இரவுகளின் பெயரால் 50 லட்சத்துக்கு மேற்பட்டோரிடம் 7,000 கோடி ரூபாய்க்கு மேல் திரட்டியதென்று கண்டு, அதனைத் திருப்பித் தருமாறு செபி 2016-இல் ஆணையிட்டது. நம் பகுதியும் இப்பாடத்தை வேறு உருவங்களில் கற்றிருக்கின்றது. திருப்பூரில் பாசி நிறுவனத்தில் பணம் போட்டு இழந்தோர் கதையையும், 2012-இல் பெருந்துறைப் பக்கத்து ஈமு கோழிப் பண்ணைகள் வீழ்ந்த கதையையும் இங்குள்ள பெரியோர் அறிவர். பாசி வழக்கில் கோவை நீதிமன்றம் 2022-இல் 27 ஆண்டுச் சிறைத் தண்டனை விதித்தது. இவையெல்லாம் எவ்வாறு பரவின? "மாமன் போட்டிருக்கிறார், மச்சான் போட்டிருக்கிறார்" என்னும் ஒரு சொல்லாலேயே பரவின.

பங்கை விற்க நினைப்போர்க்கும் ஓர் எச்சரிக்கை. உங்கள் பங்கை நல்ல விலைக்கு வாங்க ஆள் இருக்கிறார், பதிவுக் கட்டணம் மட்டும் முன்னதாக அனுப்புங்கள் என்று தொலைபேசியில் பேசுவோரை நம்பற்க. மெக்சிகோ நாட்டில் போதைப்பொருள் கொள்ளைக் கூட்டத்தாரே இவ்வகையில் அமெரிக்க முதியோரிடம் பணம் பறித்தமை கண்டு, அமெரிக்க நிதித்துறை 2023-இல் அவர்கள்மீது தடை விதித்தது. விற்றுக் கொடுப்பவர் விற்ற பின்னரே கூலி பெறுவர். முன்பணம் கேட்பவர் விற்கப் போவதில்லை.

அப்படியாயின் பழைய பங்கை ஒருவரும் வாங்கலாகாதோ எனின், அவ்வாறு யாம் கூறவில்லை. முதல் விலையில் பரிசுச் சீட்டுக்கும், காப்பி விருந்துக்கும், விற்பனையாளர் தரகுக்கும் ஆன செலவெல்லாம் அடங்கியிருக்கும். அந்நஷ்டத்தை முதலில் வாங்கியவர் ஏற்றுவிட்டார். இரண்டாவதாக வாங்குபவர் அதனை ஏற்க வேண்டுவதில்லை. ஆகவே வாங்கத்தான் வேண்டுமென்றால் பழையதே மேல். ஓய்வு பெற்ற ஆசிரியர், தொழிலை மக்களிடம் ஒப்படைத்த பெரியோர் முதலியோர் எம்மாதத்திலும் புறப்படக்கூடியவர். முன்கூட்டியே நாள் குறிக்கவும் அவர்களால் இயலும். கடந்த ஐந்து ஆண்டுகளில் பங்கு ஏதுமில்லாமலேயே ஆண்டுதோறும் ஒரு வாரம் வெளியூரில் தங்கியவரா என்று தம்மைத் தாமே வினவி, ஆம் என்னும் விடை கிடைத்தால், அத்தகையோர் வாங்கிப் பயன் பெறலாம். பங்கு வாங்கினாலாவது இனிப் போவோம் என்று நினைப்பவர் பெரும்பாலும் போவதில்லை. எம் அண்ணாரும் அவ்வாறு நினைத்தே வாங்கினார்.

வாங்குவோர் செய்ய வேண்டியன சில. விற்பவர் வாய்ச்சொல்லை மட்டும் கொள்ளாது, நிறுவனத்தாரிடமிருந்தே எழுத்து மூலமான விவரம் பெறுக. மீதமுள்ள ஆண்டுகள் எத்தனை, பருவம் எது, அறையின் அளவு என்ன, நிலுவை உண்டா, தவணைக் கடன் பாக்கியுண்டா, பெயர் மாற்றத்திற்கு எவ்வளவு, பிற ஊர்களிலும் நாடுகளிலும் மாற்றித் தங்கும் வசதி இரண்டாவது உறுப்பினருக்கும் செல்லுமா என்பன அதில் இருத்தல் வேண்டும். கடந்த ஐந்து ஆண்டுகளின் ஆண்டுக் கட்டண ரசீதுகளை வரிசையாக வைத்து, அது எவ்வாறு உயர்ந்துள்ளது என்று காண்க. விற்பவரின் உதவியுடன், நாம் விரும்பும் வாரத்திற்கு இடம் உண்டா என்று ஒரு முறை கேட்டுப் பார்க்க. பணத்தைப் பெயர் மாற்றம் முடிந்த பின்னரே முழுதாகக் கொடுக்க.

ஐரோப்பிய ஒன்றியம் 2008-இல் வகுத்த நெறிமுறை, காலப் பங்கு வாங்கியவர் 14 நாட்களுக்குள் காரணம் கூறாமலே விலகலாம் என்கின்றது. நம் நாட்டில் இதற்கெனத் தனிச் சட்டம் இல்லை. நிறுவனத்தின் சேவையில் குறையிருப்பின் 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையிடலாம். வழக்குக்குக் காரணம் தோன்றியதிலிருந்து இரண்டு ஆண்டுகளுக்குள் முறையிட வேண்டும். ஆனால் நமக்குப் பங்கை விற்றவர் நம் சொந்தக்காரர் ஒருவர் என்றால், அவர் வியாபாரியல்லர். அவர்மீது பரிகாரம் தேடுவது பெரும்பாலும் உரிமையியல் நீதிமன்றத்தில்தான் முடியும். அத்தகைய வழக்கை நம்மில் யார் தொடுப்பார்? நஷ்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் வீட்டு விசேஷத்துக்கு மற்றவர் போகாதிருப்பதே நடக்கும். ஆதலால், அன்னியரிடம் வாங்குவதைக் காட்டிலும் உறவினரிடம் வாங்கும்போது அதிகமாகக் கேள்வி கேட்க வேண்டும். உறவைக் காப்பதற்கே அக்கேள்விகள்.

எம் அண்ணாரின் விஷயம் எவ்வாறு முடிந்தது என்பதையும் கூறிவிடுகின்றோம். யாம் வாங்கவில்லை. முடியாதென்று சொன்ன அன்று அவர் முகம் வாடிற்று. எம் வீட்டுக் காதுகுத்துக்கு அவர் வரவில்லை. எமக்கும் அது பெரிய வருத்தமே. சில மாதம் பொறுத்துக் கணக்கெழுதிய தாளையும் காகிதங்களையும் எடுத்துக்கொண்டு யாமே அவர் வீட்டுக்குச் சென்றோம். வாங்க மாட்டோம் என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தது எம்முடைய பிழையென்றும், ஏனென்று காட்டியிருக்க வேண்டுமென்றும் சொன்னோம். அவர் தாளை நெடுநேரம் பார்த்தார். "இது எனக்கே தெரியாதே தம்பி" என்றார். மகன் கல்லூரிக் கட்டணத்திற்கு எம்மால் இயன்றதைக் கைமாற்றாகக் கொடுத்தோம். அவருக்கு வேண்டியிருந்ததும் அதுவே. நிலுவையை அவர் தவணையில் தீர்த்தார். அவர் பங்கு செல்லும் பருவத்தில், தொழில் சற்று மந்தமான ஒரு வாரத்தில், இரு குடும்பமும் சேர்ந்து மலைக்குப் போனோம். அறை அவருடையது, வண்டியும் சோறும் எம்முடையவை. வாரம் முழுதும் மழை. பிள்ளைகள் சன்னலோரம் உட்கார்ந்து தாயம் ஆடினர். வேறொன்றும் பார்க்கவில்லை, ஆயினும் அப்பிரயாணத்தை எவரும் குறை கூறவில்லை.

அன்பர்களே! மலைக்குச் செல்லுதல் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. இடைவிடாது உழைக்கும் நம்மவர்க்கு, முக்கியமாய் வீட்டுக்கும் தோட்டத்துக்கும் அப்பால் ஒரு வாரமும் கண்டறியாத நம் தாய்மார்க்கு, ஓய்வு அவசியம் வேண்டும். அவ்வோய்வைப் பங்கு வாங்கித்தான் பெற வேண்டும் என்பதில்லை. வாங்குவதாயின் மூன்று நாள் வீட்டில் வைத்து யோசித்து, கணவனும் மனைவியும் ஒருங்கே கணக்குப் பார்த்து வாங்குங்கள். நம் சங்கத்தில் வழக்கறிஞர்களும் கணக்கர்களும் இருக்கின்றனர். கையெழுத்திடும் முன் காகிதத்தை அவர்களிடம் ஒரு முறை காட்டுங்கள். காட்டுவதில் வெட்கமில்லை, பார்த்துச் சொல்வதில் அவர்களுக்குச் சிரமமுமில்லை. உறவினர் ஒருவர் பங்கை விற்க வந்தால், அவருக்குப் பணமுடை உண்டா என்று முதலில் கேளுங்கள். அதற்கு உதவ முடிந்தால் உதவுங்கள். பங்கை வேறாக வைத்து, அதன் தகுதியைக் கொண்டு முடிவு செய்யுங்கள்.